ஊன்றுகோலின் நீளம்

அன்புள்ள ஐயா,

நான் மினியாபொலிஸில் வளர்ந்தவள். உயர்நிலைப் பள்ளியில், காலில் நீண்ட பலகைகளைப் பூட்டி ஊன்றுகோல்களை ஊன்றிப் பனிப்பாதையில் ஏறியும் இறங்கியும் ஓடும் நார்டிக் ஸ்கி பழகி, நியூ இங்கிலாந்தில் ஒரு சிறிய கல்லூரியின் அணியில் சேர்ந்தேன். 2020 அக்டோபரில், வரும் குளிர்காலத்தில் போட்டிகளே இல்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிரவு விடுதி அறையில் அழுதேன். அந்தப் பருவம் முழுவதும் ஐந்தைந்து பேராகப் பிரிந்து பயிற்சி மட்டும் செய்தோம். அடுத்த மே மாதம் திருச்சியில் பெரியப்பா கொரோனாவில் இறந்தார். அப்பாவால் போக முடியவில்லை, செல்பேசியில்தான் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. "பந்தயம் போனதற்கு அழுதவளுக்குப் பெரியப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையா?" என்று அப்பா கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் உயிர்களை இழந்த காலத்தில் நான் இழந்தது வெறும் விளையாட்டுதானே? வீணாய்ப்போன அந்த ஆண்டைப் பற்றி எழுத நினைக்கிறேன். எழுதலாமா? தமிழிலா, ஆங்கிலத்திலா? பனிச்சறுக்கு என்ற சொல் சரியா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பழைய குளிர்கால உடைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையுறையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கிளிஸ்டர். உருகி மறுபடி இறுகிய பனிக்காக ஸ்கியின் அடியில் தடவும் அந்தப் பசை பலாப்பழத்துப் பாலைப்போல ஒட்டும், பலாப்பாலைப்போலவே எண்ணெய்க்குத்தான் விடும். வெர்மாண்டில் வாழ்ந்த ஆண்டுகளில் நல்லெண்ணெய் தடவி விரல்களைப் பிரித்தெடுத்த மாலைகளை நினைத்துக்கொண்டே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றிய கேள்வி எளிது. பனிச்சறுக்கு என்பது இழுவை நாற்காலியில் மலைமேல் ஏறி, கீழ்நோக்கிப் பாய்ந்து வரும் ஆல்பைன் பிரிவுக்குப் பொருந்தும். உங்கள் பந்தயப் பாதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். நேரக் கணக்கில் பாதியை அந்த ஏற்றமே தின்றுவிடும். இணைத் தடங்களில் ஓடும் கிளாசிக் முறையில் உதைக்கும் கால் பின்னால் சறுக்கினால், ஸ்கியின் அடியில் தடவிய மெழுகு பனியைப் பிடிக்கவில்லை என்று பொருள். சறுக்குவது அங்கே தவறு. ஆகவே நார்டிக் ஸ்கி என்றே எழுதுங்கள். தமிழா ஆங்கிலமா என்பதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கை எதில் ஓடுகிறதோ அதில் எழுதுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்கள் எனக்குக் கோபமூட்டின. 'வெறும்' என்பது ஒன்று, 'வீணாய்ப்போன' என்பது மற்றொன்று. இவற்றை நீங்கள் பனியிலிருந்து எடுத்து வரவில்லை, நம் வீட்டுக் கூடங்களிலிருந்து எடுத்து வந்திருக்கிறீர்கள். நம்மவர்களுக்கு விளையாட்டு என்றால் பத்தாம் வகுப்பில் மூட்டைகட்டி வைக்க வேண்டியது. அமெரிக்காவுக்கு வந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரிக்கு உதவுவது. கோப்பை வந்தால் கண்ணாடி அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம், கோப்பை வராத ஆண்டை வீண் என்போம். இதை அப்பா சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். அவர் அந்தப் பாதையில் ஒருநாளும் நின்றதில்லை. நின்றவர் நீங்கள். நீங்கள் இதைச் சொல்லலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் மாத வெயிலில் தார்ச்சாலையில் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கி, செப்டம்பரில் ஊன்றுகோல்களோடு மலைச்சரிவில் தாவி ஏறுவது, பனி விழுந்த பிறகு அன்றாடம் காடு என்று ஒரு கல்லூரி வீராங்கனை ஆண்டுக்கு ஐந்நூறு அறுநூறு மணி நேரம் உடலைப் பழக்குகிறாள். கிழக்குக் கல்லூரிகள் இன்றும் கார்னிவல் என்று அழைக்கும் அந்த வார இறுதிகளில் அவள் ஓடும் பந்தயங்கள் கால்மணி நேரமோ முக்கால்மணி நேரமோ நடப்பவை. ஒரு பருவத்தின் பந்தயங்களை எல்லாம் கூட்டினாலும் பத்து மணி நேரம் தேறாது. அந்தப் பத்து மணி நேரம் பறிபோனதால் மற்ற அறுநூறும் வீண் என்று சொல்கிறீர்கள். அந்த அறுநூறு மணி நேரத்தை வேறொருத்தியா ஓடினாள்? அந்தக் குளிர்காலத்தில் உங்கள் நுரையீரலும் தொடைகளும் நீங்கள் பார்த்த பனியும் உங்களுடையவை இல்லையா?

இழப்பு சிறியது என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் மொன்டானாவின் போஸ்மனில் நடந்துகொண்டிருந்த தேசியக் கல்லூரிச் சாம்பியன்ஷிப்பைப் பாதியில் நிறுத்தி, சாம்பியன் என்று யாரையும் அறிவிக்காமலே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நவம்பரில் ஹார்வர்ட் முதலான ஐவி லீக் கல்லூரிகளும் குளிர்காலப் போட்டிகளைக் கைவிட்டன. ஆனால் 2021 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரில் சாம்பியன்ஷிப் நடந்தது. ஜாக்சன் ஊரின் பாதைகளில் நார்டிக் பந்தயங்கள் ஓடின, யூட்டா பல்கலைக்கழகம் வென்றது. உங்கள் விடுதியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் மற்றவர்கள் எண் அட்டையை மாட்டிக்கொண்டு தொடக்கக் கோட்டில் நின்றபோது நீங்கள் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தீர்கள். இந்தக் காயத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உலகம் முழுவதும் நின்றிருந்தால் நீங்கள் அவ்வளவு அழுதிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் கூடுதலாக ஓராண்டு ஆடும் தகுதி தரப்பட்டது என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள், நான்காண்டுப் படிப்பு முடிந்து ஊரைவிட்டுப் போகிறவளுக்கு அதனால் என்ன பயன்?

நான் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. கொரோனாவுக்கு முன்பு மூன்று குளிர்காலங்கள் நான் கார்னிவல் பந்தயங்களின் முடிவுக்கோட்டில் தன்னார்வலராக நின்றிருக்கிறேன். ஓட்ட நேரத்தைப் பதியக் கணுக்காலில் கட்டிய மின்னணுச் சில்லை அவிழ்த்து வாங்குவது என் வேலை. மனிதர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை மூச்சில் இழுக்கிறார். கோட்டைத் தாண்டும் இந்தப் பிள்ளைகள் நூறு லிட்டருக்கும் மேல் இழுத்துக்கொண்டு வருவார்கள். வந்ததும் விழுவார்கள். முதலிடம் பெற்றவரும் நாற்பதாம் இடம் பெற்றவரும் ஒரே மாதிரி முகங்குப்புற விழுவார்கள். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மோவாயில் உறைந்திருக்கும். அப்போது முன்னால் வந்து விழுந்து எழுந்த ஒருத்தி தள்ளாடியபடியே வந்து, அடுத்து விழுந்தவளின் காலருகே குனிந்து, காலணியை ஸ்கியோடு பிணைக்கும் பூட்டைத் திறந்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். எதிரணிப் பெண்ணுக்கும் அதைச் செய்வாள். தனியாக ஓடும் இந்த விளையாட்டை ஏன் அணி விளையாட்டு என்கிறார்கள் என்று எனக்குப் புரிந்த இடம் அதுதான். ஆண், பெண், ஆல்பைன், நார்டிக் என்று எல்லாருடைய புள்ளிகளையும் ஒரே கணக்கில் சேர்ப்பதால் அது அணி என்று விதிப்புத்தகம் சொல்லும். எனக்கு அந்தக் கக்கத்துக் கைதான் அணி.

பெருந்தொற்று முதலில் பறித்தது அந்தக் கையைத்தான். மூச்சே ஆபத்து என்றான காலத்தில் மூச்சையே மூலதனமாகக் கொண்ட விளையாட்டு என்ன செய்யும்? பத்துப்பேர் நெருக்கியடித்து நின்று, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மெழுகை உருக்கியபடி அரட்டையடித்த அறையில் ஒவ்வொருவராக நுழைந்து வெளியேறினார்கள். ஒரே வண்டியில் தோளில் தலைசாய்த்துத் தூங்கிப் போன பயணங்கள் நின்றுபோயின. சாப்பாடு பெட்டிகளில் வந்தது.

2021 பிப்ரவரியில் ஒரு பிற்பகல், கிரீன் மவுண்டன் மலைத்தொடரின் காட்டுப்பாதை ஒன்றில் நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். திருப்பத்தில் ஒரு கல்லூரி அணியினர் தங்களுக்குள் நேரச்சோதனை ஓடிக்கொண்டிருந்தார்கள். எண் அட்டையும் கொடியும் இல்லை, பார்க்க வந்தவர்களும் இல்லை. பயிற்சியாளர் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு முப்பது விநாடிக்கு ஒருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து மூக்குவரை இழுத்துவிட்ட துணி மூச்சின் ஈரத்தில் உறைந்து தகடாகியிருந்தது. ஓட்டத்தை முடித்த ஒரு பெண், நான் எத்தனையோ முறை பார்த்தபடியே, முகங்குப்புற விழுந்தாள். அவளுக்கு முன் வந்தவள் தன்னிச்சையாக இரண்டடி எடுத்துவைத்து, சட்டென்று நின்றுவிட்டாள். போகக் கூடாது. இருவரும் வெவ்வேறு குழுக்களாக இருந்திருக்க வேண்டும். விழுந்தவள் எழவில்லை. நின்றவள் ஊன்றுகோல் ஒன்றைக் கையிலிருந்து கழற்றி, அதன் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கையை முழுக்க நீட்டி, கூர்முனையால் தோழியின் பூட்டிலிருந்த சிறு குழியைத் தேடி அழுத்தினாள். முதல்முறை வழுக்கியது. இரண்டாம் முறை 'டக்' என்று திறந்தது. அடுத்த காலுக்கும் அப்படியே. ஒன்றரை மீட்டர் ஊன்றுகோலும் ஒரு கையும் சேர்ந்தால் ஆறடி தேறும். கீழே கிடந்தவள் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை உயர்த்தி ஆட்டினாள்.

அந்தப் பெண்களுக்கும் அது பந்தயம் இல்லாத ஆண்டுதான். நான் பார்த்த கார்னிவல்களில் எது எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது?

உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நான்கைந்து கோடை விடுமுறைகளில் பார்த்திருக்கக்கூடிய பெரியப்பாவுக்காக உங்களுக்கு அழுகை வராததில் குற்றம் ஏதுமில்லை, அதற்கு விளக்கம் தேடி உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். அப்பா கேட்டதும் உங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல. கூடப்பிறந்த அண்ணனின் உடலை உறையில் சுற்றி எடுத்துப் போவதை ஒரு கைப்பேசித் திரையில் பார்த்தவர் அவர். குளிப்பாட்ட முடியவில்லை, வாய்க்கரிசி போட முடியவில்லை. விழுந்தவரின் அருகே போகக் கூடாது என்ற அதே விதி, அவருக்கு ஆறடியாக இல்லாமல் எட்டாயிரம் மைலாக இருந்தது, நீட்டுவதற்கு ஒரு ஊன்றுகோலும் இருக்கவில்லை. யாரிடமாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருந்தது, நீங்கள் அருகில் இருந்தீர்கள்.

அவர் உங்கள் பந்தயம் எதையாவது நேரில் வந்து பார்த்திருக்கிறாரா? கடிதத்தில் இல்லை. பார்த்திருக்காவிட்டால் முதலில் அவரிடம் அந்தக் குளிர்காலத்தைச் சொல்லுங்கள். அழுததைச் சொல்ல வேண்டாம், அது அவருக்குத் தெரியும். காலையில் வெப்பமானியைப் பனியில் எங்கே செருகினீர்கள், எந்த மெழுகைத் தேர்ந்தீர்கள், ஐந்து பேரில் யார் முன்னால் போனார்கள், மூச்சு முட்டி விழுந்தபோது யார் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்று சொல்லுங்கள். பிறகு அதையே எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். அந்த ஆண்டு கிளிஸ்டரை எதைக் கொண்டு கையிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். என் கையுறை இன்னும் பிரியவில்லை.