இனப்பெருக்கப் பாடத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘இனப்பெருக்கப் பாடத்தை வகுப்பில் நடத்தாமல் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், அடிப்படை மட்டும் யாராவது சொல்வீர்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்தபோதும் இதேதான். சார் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். இப்போது மண்டபம் பக்கம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடத்தை மீன் சினையிலிருந்துதான் தொடங்குவேன்.

சூடை மீனை ஆயும்போது வயிற்றில் சினை வரும். நசுக்கிப் பார்த்தால் ரவை போலப் பொடியாக ஆயிரக்கணக்கில் முட்டை. பெண் மீன் அதைக் கடலில் விடும், ஆண் மீன் விந்தை விடும், சேர்வதெல்லாம் தண்ணீரிலேயே. அப்புறம் பார்த்துக்கொள்ளத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பெரும்பாலானவை இரையாகிவிடும், அதனால்தான் அத்தனை முட்டை. கடல் கெளுத்திக்கோ கோலிக்குண்டு பருமனில் கொஞ்சம் முட்டைதான். ஆண் கெளுத்தி அவற்றை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். காவல் கூடக்கூட முட்டை குறைகிறது. மனிதர்களுக்கு மாதம் ஒன்றுதான், அதுவும் உடலுக்குள்ளேயே.

பெண்ணுக்கு இரண்டு அண்டகங்கள். பிறக்கும்போதே அவற்றில் 10 லட்சம் அளவுக்கு முட்டைச் செல்கள் இருக்கும். வாழ்நாளில் ஏறக்குறைய 400 மட்டுமே முதிர்ந்து வெளிவரும், மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணும் 28 நாள் சுழற்சி என்றால் 14ஆம் நாள் வாக்கில். குறுக்களவு 0.1 மில்லிமீட்டர், பொடிமணல் அளவு. கருவுறாவிட்டால் ஒரு நாளுக்குள் அழிந்துவிடும். ஆணின் விந்தகத்தில் தினமும் கோடிக்கணக்கில் விந்தணு உருவாகும். உடல் சூட்டைவிட 2 டிகிரியாவது குறைந்தால்தான் அது ஒழுங்காக வளரும், அதனால்தான் விந்தகம் வெளியே பையில் இருக்கிறது. 20 கோடி புறப்பட்டாலும் முட்டையை நெருங்குவது சில நூறு. ஒன்று நுழைந்ததும் முட்டையின் உறை மாறி, மற்றவற்றுக்கு வழி அடைந்துவிடும்.

முட்டையும் விந்தணுவும் சேரும் இடம் அண்டநாளம், அதாவது அண்டகத்திலிருந்து கருப்பைக்குப் போகும் குழாய். கருப்பை என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள், என்னிடம் வரும் பிள்ளைகள் வருடா வருடம் விடுவது இங்கேதான்.

முட்டையில் 23 குரோமோசோம் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்), விந்தணுவில் 23. ஒவ்வொன்றிலும் ஒரு குரோமோசோம் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது, அதில் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. முட்டை தருவது எப்போதும் எக்ஸ். விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். என் பெரியம்மாவுக்கு நான்கும் பெண் பிள்ளைகள். ‘ஆம்பளப் பிள்ளை பெறத் தெரியாதவ’ என்று மாமியாரிடம் வருடக்கணக்கில் பேச்சு வாங்கியவர். ஒருநாள் நான் பலகையில் இதை வரைந்துகொண்டிருந்தேன். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, ‘அப்ப அது எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்தா வருது?’ என்று கேட்டார். ஆமாம் பெரியம்மா என்றேன். ‘இன்னொரு தடவ சொல்லு’ என்றார். பெரியப்பா மேலும் தப்பில்லை, எந்த விந்தணு முந்தும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது அவரை நினைத்துத்தான்.

சரி, கருவுற்ற முட்டை இரண்டாக, நான்காகப் பிரிந்துகொண்டே நகர்ந்து, ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் பதியும். அந்தச் சுவரின் உள்படலம் மாதாமாதம் தடித்துத் தயாராக இருக்கும். கரு வராவிட்டால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும், அதுதான் மாதவிலக்கு. ‘கெட்ட ரத்தம்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைக்கு மெத்தை போட்டு வைத்த படலம் அது.

கரு பதிந்த பிறகு உருவாவது நஞ்சுக்கொடி, பாடநூலில் தாய்சேய் இணைப்புத்திசு. தாய் ரத்தமும் சேய் ரத்தமும் கலந்து ஓடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கலப்பதில்லை. நடுவில் உள்ள மெல்லிய படலத்தைத் தாண்டி ஆக்சிஜனும் சத்தும் உள்ளே போகும், கழிவு வெளியே வரும். தொப்புள்கொடி அந்த நஞ்சுக்கொடியையும் குழந்தையையும் இணைக்கும்.

பிரசவத் தேதியை டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று எண்ணுவார்கள். கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால் 266. இரண்டுமே சரிதான். நடுவில் 14 நாள் ஏன் வந்தது என்று மேலே அண்டகம் பற்றிச் சொன்னதை வைத்து நீங்களே சொல்லிப் பாருங்கள்.