வீட்டுப்பாடம் எழுத எங்கே உட்காரவைப்பது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

31 வருஷம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். நோட்டைத் திருத்தும்போதே அந்தப் பிள்ளை வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதியது என்று ஓரளவு தெரிந்துவிடும். கோரைப்பாய் மேல் தாளை வைத்து எழுதியிருந்தால் பென்சில் எழுத்தோடு பாயின் வரி வரியான தடமும் விழுந்திருக்கும். கட்டிலில் குப்புறப் படுத்து எழுதினால் போகப் போக வரி சரியும். ஓரத்தில் மஞ்சள் விரல் தடம் இருந்தால் அடுப்படி. இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

டீச்சர், லைன் வீட்டில் ஒரே ரூம், சின்ன சமையல்கட்டு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து நான் வீடு வர ஒன்பது ஆகிறது. மகள் மூன்றாம் வகுப்பு. மாமியார் சீரியல் பார்க்கிற ரூமில்தான் அவளும் எழுத வேண்டும். மேசை போட இடமே இல்லை. (திருப்பூர்)

மேசை இல்லையே என்று மனசு கஷ்டப்படாதீர்கள் தங்கச்சி. லைன் வீட்டில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பொது வாசல். நாலரைக்கு வந்து, ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடிவிட்டு ஐந்தரைக்கு உட்கார்ந்தால் நல்ல வெளிச்சம் இருக்கும், சீரியலும் தொடங்கியிருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரையும் சேர்த்து ஒரே பாயில் உட்காரவையுங்கள். ஒருத்தி எழுத ஆரம்பித்தால் மற்றவர்களும் எழுதுவார்கள். மழை நாளில் மட்டும் ரூமுக்குள் வந்தால் போதும்.

மடியில் நோட்டை வைத்து எழுதவிடாதீர்கள். கழுத்து முழுக்க வளைந்துவிடும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோளைத் தூக்காமல் முழங்கையை மடித்தால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தில் நோட்டு இருக்க வேண்டும். பழைய சூட்கேஸ் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் மேல் பரீட்சை அட்டையை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக வரும். அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தைச் செருகினால் லேசாகச் சாய்ந்து நிற்கும். அந்தக் காலத்து மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசையும் இதே அமைப்புதான். நாள் முழுக்கப் பேரேடு எழுதின ஆட்கள் சும்மாவா அப்படிச் செய்துவைத்தார்கள்!

டிவிக்காக மாமியாரோடு சண்டை வேண்டாம். “அத்தை, பாப்பா எழுதி முடிக்கிற வரைக்கும் நீங்கதான் பார்த்துக்கணும்” என்று பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம், ஒன்பது மணிக்கு நீங்கள் வந்ததும் “எழுதினியா?” என்று கேட்காமல், “என்ன எழுதினே, காட்டு” என்று கேளுங்கள். ஐந்து நிமிஷம் போதும். உங்களிடம் காட்ட வேண்டும் என்பதற்காகவே அவள் அழகாக எழுதுவாள்.

இரண்டாம் வகுப்புப் பையனுக்கு அலமாரி, விளக்கு எல்லாம் வைத்த மேசை வாங்கி அவன் ரூமில் போட்டோம். அங்கே உட்காரவே மாட்டேன் என்கிறான். நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வருகிறான். (சென்னை)

அம்மா இருக்கிற இடத்துக்கு வருகிறான், அவ்வளவுதான். ஏழு வயசுப் பிள்ளையைத் தனி ரூமில் கதவுக்குப் பின்னால் விட்டால், நாலு வரி எழுத அரை மணி நேரம் ஆகும். நடுவில் ரப்பரைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். சமையலறைக்கு வரவிடுங்கள். ஆனால் அடுப்புக்கு நேர் கீழே வேண்டாம். குக்கர் ஆவியும் தாளிக்கிற எண்ணெயும் தெறிக்காத தூரத்தில், நிலைப்படிப் பக்கமாக உட்காரட்டும்.

அந்த மேசையை ஹாலுக்கு மாற்றினால் இப்போதே உட்காருவான் என்றுதான் நினைக்கிறேன். நாற்காலியில் கால் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் இரண்டு செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலுக்கு அடியில் வையுங்கள். கால் ஊன்றாத பிள்ளை நெளிந்துகொண்டேதான் இருக்கும், நாம் அதைச் சேட்டை என்று திட்டுவோம்.

மகள் கட்டிலில் குப்புறப் படுத்துதான் எழுதுவாள். கண் கெட்டுவிடுமா?

படுத்துக் கதைப் புத்தகம் படிப்பதை நான் பெரிதாகத் தடுக்க மாட்டேன். எழுதுவது வேறு. முழங்கையிலேயே உடம்புப் பாரம் இருப்பதால் கை நகராது, முகம் தாளுக்கு மிக அருகில் போய்விடும். விரல்களை மடக்கி அந்தக் கையைத் தாடையில் வைத்தால் முழங்கை எங்கே இருக்கிறதோ, அந்தத் தூரமாவது கண்ணுக்கும் நோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். நேராக உட்காரவைத்த பிறகும் குனிந்துகொண்டே போனால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கிட்டப்பார்வை வராமல் காக்க, பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது பெரிய துணை. அதனால் வீட்டுப்பாடத்துக்காக விளையாட்டைக் குறைக்காதீர்கள்.

பையன் இடது கைக்காரன். விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

வலப் பக்கம். வலது கைக்காரப் பிள்ளைக்கு இடப் பக்கம். முதுகுக்குப் பின்னால் டியூப்லைட் இருந்தால் தலை நிழல் நோட்டில் விழும். விளக்கை மாற்ற முடியாவிட்டால் பிள்ளையைத் திருப்பி உட்காரவையுங்கள். அண்ணன் வலது கைக்காரன் என்றால், ஒரே மேசையில் இவனை இடது ஓரத்தில் உட்காரவைத்தால் முழங்கை இடித்துச் சண்டை வராது.

ஒன்றாம் வகுப்புப் பேரனை ராத்திரி ஒன்பதரை வரை மேசையை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை. குழந்தை நோட்டு மேலேயே தூங்கிவிடுகிறான். நான் சொன்னால் மருமகள் கேட்பதில்லை. (கும்பகோணம்)

ஐயா, நீங்கள் சொல்வதுதான் சரி. 1, 2 வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வேண்டாம் என்கிறது. 3 முதல் 5 வரை வாரத்துக்கே 2 மணி நேரம்தான், நாளுக்கு அல்ல. 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம், 9-ஆம் வகுப்பிலிருந்து நாளுக்கு 2 மணி நேரம். ஆனால் மருமகளைக் குறை சொல்லாதீர்கள். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது, அவர் பயப்படுகிறார். இருவரும் சேர்ந்து போய் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். அதுவரை பேரனை எட்டு மணிக்குத் தூங்கவையுங்கள்.

ஒன்பதாவது படிக்கும் மகன் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிப்பேன் என்கிறான்.

சாத்திக்கொள்ளட்டும், அந்த வயசுக்கு அது வேண்டும். போன் மட்டும் ஹாலில் இருக்கட்டும். பாடம் போனில் வந்திருந்தால் தாளில் எழுதிக்கொண்டு உள்ளே போகட்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர். பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்ய? இந்தக் கேள்வியைக்கூட அக்கா மகள்தான் எழுதித் தருகிறாள்.

இந்தக் கேள்விக்காகவே மற்றதையெல்லாம் எழுதியிருக்கலாம் போலிருக்கிறது. நீங்கள் பூ கட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ பக்கத்தில் உட்காருங்கள். “சத்தமாப் படி, எனக்கும் கேட்கணும்” என்று சொல்லுங்கள். பிள்ளை படிப்பதைக் கேளுங்கள். எங்கே தடுக்குகிறது, எங்கே வேகமாகத் தாண்டிப் போகிறது என்று கேட்கிற காதுக்குத் தெரியும். “இங்கே ஏன் நிறுத்தினே?” என்று கேட்டாலே திரும்பப் படிப்பாள். கணக்குக்குப் பயமே வேண்டாம், தினமும் கடையில் மிச்சக் காசைச் சரியாக எண்ணி வாங்குகிறீர்கள்தானே?

தெரியாத பாடத்துக்குத் தெருவில் பெரிய வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணைக் கேளுங்கள். தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லித்தருகிற அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையிலேதான் சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கூட வந்த அம்மாக்கள் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருத்தி மகளின் பழைய சிலேட்டை மடியில் வைத்து, யாரும் பார்க்காதபடி ‘அ’ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் ஒரு சிலேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.