புது மினி எப்போ வரும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பெட்டியைப் பற்றியவை. ஆப்பிளின் மேக் மினி, மானிட்டர் இல்லாமல் வரும் சின்னக் கம்ப்யூட்டர். எம்4 சிப் போட்ட இப்போதைய மினியை 2024 அக்டோபர் கடைசியில் அறிவித்தார்கள். அடுத்த தலைமுறை எம்5 சிப் 2025 அக்டோபரில் மேக்புக் ப்ரோவுக்கும் ஐபேட் ப்ரோவுக்கும் வந்தது. 2026 பொங்கலும் வந்துவிட்டது, மினி மட்டும் அப்படியே நிற்கிறது. வாங்கலாமா, பொறுக்கலாமா என்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். 2014 மாடல் மினி. தை, மாசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் கையில் இருக்கிறது. எம்5 மினி வந்ததும் வாங்கலாம் என்று ஐப்பசியிலிருந்து காத்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கலாம்?
*– முதலியார்பேட்டை, புதுச்சேரி*

பொறுக்கவே வேண்டாம். இந்த வாரம் எம்4 மினியை வாங்கிவிடுங்கள்.

ஐபோனுக்கு செப்டம்பர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மினிக்கு அப்படி எதுவும் கிடையாது. 2005 ஜனவரியில் 499 டாலருக்கு முதல் மினி வந்ததிலிருந்து அது அப்படித்தான். 2007 ஆகஸ்டில் வந்த மாடலுக்கு அடுத்தது வர 19 மாதம். 2012 மாடலுக்குப் பிறகு இரண்டு ஆண்டு. 2014 மாடலுக்குப் பிறகு முழுசாக நான்கு ஆண்டு. எம்1 மினி 2020 நவம்பரில் வந்தது, எம்2 வர 26 மாதம் ஆயிற்று. எம்3 மினி என்று ஒன்று வரவே இல்லை, நேராக எம்4-க்குத் தாவினார்கள். இந்த 2026 பொங்கலோடு எம்4 வந்து 15 மாதம்தான் ஆகிறது. எல்லோரும் தாமதம் தாமதம் என்கிறார்கள்; மினியின் ஜாதகப்படி பார்த்தால் இது தாமதமே இல்லை.

நான்கு ஆண்டு இடைவெளி என்றேனே, அதில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. 2015-ல் மஞ்சக்குப்பத்தில் அச்சகம் வைத்திருந்த நண்பர் ஒருவர் மினி வாங்கட்டுமா என்று கேட்டார். 2014 மாடலின் சிப்பில் கணக்குப் போடும் மூளை, அதாவது கோர், இரண்டுதான். அதற்கு முந்தைய 2012 மாடலிலாவது நான்கு கோர் கிடைத்தது. வேலை நினைவகமான ராமையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். "இது வேண்டாம் அண்ணே, தீபாவளிக்குள் புதுசு வந்துவிடும்" என்றேன். அந்தத் தீபாவளி போனது. அடுத்ததும் போனது. வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கினால் அவரிடமிருந்து போன் வரும். 2017 அக்டோபரில் டிம் குக் ஒரு வாடிக்கையாளருக்கு மினி எங்கள் வரிசையில் முக்கியமான பொருளாகத் தொடரும் என்று பதில் எழுதிய செய்தி வந்தது. அன்று ராத்திரியே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்கப்புறமும் ஓர் ஆண்டு ஆயிற்று. 2018 அக்டோபரில் அது வந்தபோது, அவருடைய கலர் வேலையெல்லாம் புதுச்சேரியில் வேறொரு அச்சகத்துக்குப் போயிருந்தது. இன்றும் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார், நன்றாகப் பேசுவார். கம்ப்யூட்டர் பற்றி மட்டும் பேச மாட்டார்.

அதனால் உங்கள் கணக்கை நாள்காட்டியை வைத்துப் போடாதீர்கள், ஆர்டர் நோட்டை வைத்துப் போடுங்கள். உங்கள் 2014 மினி 2021-ல் வந்த மான்டரே என்ற மேக்ஓஎஸ் (மேக்கை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பைத் தாண்டிப் போகாது. இரண்டு கோரில் 4கே கல்யாணம் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போய், காலையில் வந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். அந்த அனுபவம் உங்களுக்கு இல்லாமல் இருக்காது. உங்களிடம் இருப்பதிலிருந்து எம்4-க்குப் போவது பத்து ஆண்டுத் தாவல். எம்4-லிருந்து எம்5-க்கு ஒரு படிதான். அந்த ஒரு படிக்காக இரண்டு முகூர்த்த மாதத்தைக் கொடுப்பது கட்டாது. மாசி முடிந்ததும் எம்5 வந்துவிட்டால்? வரட்டும். அதற்குள் எம்4 தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கும்.

என்னிடம் எம்1 மினி, 16 ஜிபி. பி.ஆர்க் படிக்கிறேன். எம்5-க்குக் காத்திருக்கலாமா?
*– லாஸ்பேட்டை*

தாராளமாக. உங்கள் வேலை எங்கும் தடைபடவில்லை, காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. எம்5 வந்தபிறகும் அவசரப்படாதீர்கள். புதுசு வந்ததும் கடைகளில் மிச்சமிருக்கும் பழைய சரக்கின் விலை இறங்கும். ஆனால் அதற்கு புதுச்சேரியையோ சென்னையையோதான் பார்க்க வேண்டும். கடலூரில் யாரும் மினியை அடுக்கி வைத்து விற்பதில்லை; கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

16 ஜிபி ராம் போதுமா, 24 போடலாமா? பிறகு கூட்டிக்கொள்ள முடியுமா?
*– நெய்வேலி*

முடியாது. எம் வரிசை சிப்களில் ராம் சிப்போடு ஒரே தொகுப்பாக வருகிறது. வாங்கும்போது எதுவோ கடைசிவரை அதுவே. எம்2 மினி 8 ஜிபியில் தொடங்கியது, எம்4 16-ல் தொடங்குகிறது. ஆபீஸ் வேலை, தமிழ் டைப்பிங், போட்டோ, ஓரளவு வீடியோ என்றால் 16 போதும்.

வெளியானபோது இங்கே வைத்த விலையைப் பாருங்கள். 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி 59,900 ரூபாய். எஸ்எஸ்டியை 512 ஆக்கினால் 79,900. அதோடு ராமை 24 ஆக்கினால் 99,900. ஒவ்வொரு படிக்கும் இருபதாயிரம். அடிமட்ட மாடல்தான் நியாயமான விலை. மேலே ஏற ஏற நம் பையில் கை வைக்கிறார்கள். இருபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதானால் ராமுக்குக் கொடுங்கள், சேமிப்புக்குக் கொடுக்காதீர்கள். சேமிப்புக்கு ஒரு நல்ல வெளி எஸ்எஸ்டியைப் பின்பக்கத் தண்டர்போல்ட் போர்ட்டில் செருகிவிட்டால் ஆயிற்று. ஒன்று மறக்காதீர்கள்: எம்4 மினியில் பழைய அகலமான யுஎஸ்பி போர்ட் ஒன்றுகூட இல்லை. பென் டிரைவுக்கும் பிரிண்டருக்கும் ஒரு கன்வெர்ட்டர் சேர்த்து வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் 2018 மாடல் இன்டெல் மினி வருகிறது. ராம் மாற்றலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
*– கடலூர் ஓ.டி.*

ராம் மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனாலும் வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டஹோ 2018 மினியில் ஏறாது, அதற்கு முந்தைய செக்கோயாவோடு அதன் பயணம் முடிந்தது. இன்டெல் மேக்குகள் எதற்குமே டஹோதான் கடைசி என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. விற்கிறவருக்கும் இது தெரிந்திருக்கும், அதனால்தான் விற்கிறார்.

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை. பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, விண்டோஸ் 10. மினி வாங்கிப் போட்டால் இடம் மிச்சமாகும் என்று பையன் சொல்கிறான்.
*– திருப்பாதிரிப்புலியூர்*

பையன் சொல்வதில் இடம் மிச்சம் என்பது வரை சரி. 12.7 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி அது, பத்திரிகை மாதிரி ஆல்பத்தின் மேலேயே வைத்துவிடலாம். ஆனால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அது போன்ற பழைய 32-பிட் மென்பொருள்களை ஆப்பிள் 2019-லேயே கதவடைத்துவிட்டது. மினிக்குள் விண்டோஸைச் சுற்றி வளைத்து ஓட்டும் வழிகள் உண்டு. நாளைக் காலை பத்திரிகை வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கடையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வித்தையெல்லாம் கைகொடுக்காது.

உங்களுக்கு வேண்டியது விண்டோஸ் மினி பிசி. இந்த வகையைப் பிரபலமாக்கியது இன்டெலின் 'நக்'. 2023-ல் இன்டெல் அதிலிருந்து விலகிக்கொள்ள, இப்போது ஆசுஸ் செய்கிறது. வேறு கம்பெனிகளும் செய்கின்றன. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். நீங்கள் அவ்வளவு நாள் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் எண்ணம். ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதால் சில மாதங்களாக ராம் விலை ஏறுகிறது. காத்திருந்து விலை குறையும் காலம் இது இல்லை.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு அப்புறம் மெஷினைத் தொடுங்கள். பாமினியில் அடித்தது யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறை) இல்லை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இங்கிலீஷ் கிறுக்கலாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள்.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கரண்ட் அடிக்கடி போகும். மினி தாங்குமா? யுபிஎஸ் எவ்வளவு பெரிது வேண்டும்?
*– தேவனாம்பட்டினம்*

கரண்ட் விஷயத்தில் மினியை அடிக்க ஆளில்லை. ஆப்பிள் தரும் கணக்கில் எம்4 மினி சும்மா இருக்கும்போது 4 வாட், முழு மூச்சில் 65 வாட். 2018 இன்டெல் மினி சும்மா இருக்கவே 20 வாட் தின்னும். பல நேரம் மானிட்டர்தான் மினியைவிட அதிகம் இழுக்கும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் போதும். பேட்டரி புதிதாக இருந்தால் மினி, மானிட்டர் இரண்டும் சேர்ந்து அரை மணி நேரம் ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க நிறுத்துவதற்கு அது பத்தாது, வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும்.

செட்டிங்ஸில் எனர்ஜி பகுதியில், கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும் வசதி ஒன்று இருக்கிறது. புயல் சமயத்தில் அதை அணைத்து வையுங்கள். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்தபோதும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோதும் இருந்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் ஒரேயடியாக வராது. வந்து, போய், மங்கி, மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் பெட்டி எழுந்து எழுந்து விழக் கூடாது. இடி இடித்தால் பவர் பிளக்கைப் பிடுங்குகிற பலர் இன்டர்நெட் வயரை மறந்துவிடுகிறார்கள். அதையும் பிடுங்குங்கள்.

உப்புக் காற்றுதான் உண்மையான எதிரி. உங்கள் ஊரிலிருந்தே ஒரு பழைய மினி என் மேசைக்கு வந்தது. வெளியே அலுமினியம் பளபளவென்று இருந்தது. திறந்தால் ஃபேன் இறக்கைகளின் நுனியில் தூசி ஈரச் சாம்பல் மாதிரி அப்பியிருந்தது, விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. யுஎஸ்பி வாய்க்குள் பச்சைக் களிம்பு, குத்துவிளக்கின் அடியில் படியுமே, அதே பச்சை. வீட்டுக்காரர் ஆறு மாதம் வெளியூர் போயிருந்தார். மெஷினைத் துணி போட்டு மூடி, ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டும். மூடி வைத்ததுதான் அழுகும். அதனால் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள், கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். எம்4 மினி காற்றை உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் அடிப்பக்கம் வழியாக. மேசை விரிப்பு, பூப்போட்ட துணி எதன் மேலும் வைக்காதீர்கள்.

கடலூரைவிடப் புதுச்சேரியில் வாங்கினால் விலை குறையுமா?
*– ஆல்பேட்டை*

பாலத்தைத் தாண்டினால் விலை குறையும் சாமான்கள் வேறே. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான். கடைக்காரர் குறைத்தால் அது அவர் மனசு.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 2012 மினியில் தமிழும் பிரெஞ்சும் டைப் செய்கிறேன். ரொம்ப மெதுவாகிவிட்டது. புதுசுக்குக் காத்திருக்கச் சொல்கிறான் பேரன்.
*– முத்தியால்பேட்டை*

அம்மா, பேரனிடம் சொல்லுங்கள், புதுசும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். உங்களிடம் இருப்பது நல்ல மாடல். கையால் திறக்கக் கூடிய கடைசி மினி அதுதான். 2005-ல் வந்த மினியைத் திறக்க பெயின்டர் பட்டி பார்க்கும் தகட்டைத்தான் நுழைத்துக்கொண்டிருந்தோம். உங்களுடையதற்கு அதெல்லாம் தேவையில்லை. கவிழ்த்து வைத்தால் வட்டமாக ஒரு கறுப்பு மூடி, அதில் கட்டைவிரல் வைக்க இரண்டு குழி. இடது பக்கமாகத் திருகினால் ஊறுகாய் ஜாடி மாதிரி கையோடு வந்துவிடும். ராம் இரண்டும் கண்ணெதிரே இருக்கும், 16 ஜிபி வரை போடலாம்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் ராம் மட்டும் இல்லை, உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் உங்களுக்கே நம்ப முடியாது. இந்த வேலையை மட்டும் பேரனிடம் விடாதீர்கள், விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஃபேனைக் கழற்றும்போது பக்கத்தில் ரிமோட் சென்சாருக்குப் போகும் தலைமுடி போன்ற ஒயர் ஒன்று இருக்கிறது. அவசரக் கைகள் அதை அறுத்துவிடும். ஆப்பிள் இந்த மாடலுக்கு 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவோடு புதுப் பதிப்புகளை நிறுத்திவிட்டது, அதனால் பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள். எஸ்எஸ்டி போடும்போதே உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை ஏற்றச் சொல்லிவிட்டால் இன்டர்நெட்டும் பத்திரமாக ஓடும், தமிழ்99-ம் பிரெஞ்சு விசைப்பலகையும் அதிலேயே இருக்கின்றன.