நெருக்கம் இருக்கட்டும், ராயல்டி வந்ததா?

கேள்வி: பதிப்பாளரோடு நெருக்கமாக இருக்கும் பெண்களின் புத்தகங்கள்தான் இப்போது மளமளவென்று வருகின்றன. பெண் எழுத்தாளர் - பதிப்பாளர் உறவைப் பற்றி வெளிப்படையாகப் பேச உங்களுக்குத் துணிச்சல் உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: பெயரை மறைத்துக்கொண்டு என் துணிச்சலைச் சோதிக்கிறீர்கள். சரி, பேசுவோம்.

ஆண் எழுத்தாளரும் பதிப்பாளரும் லாட்ஜ் அறையில் விடிய விடியக் குடித்துப் பேசினால் அது இலக்கிய நட்பு. அந்த நட்பில் பத்துப் புத்தகம் வந்தாலும் எனக்கு யாரும் கடிதம் போட்டதில்லை. ஒரு பெண் பதிப்பகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அட்டைப்படம் பார்த்தால் போதும், தபால்காரருக்கு வேலை வந்துவிடுகிறது.

நெருக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, நீங்கள் நினைக்கிற தினுசில் அல்ல. “நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா, நமக்குள்ள எதுக்கு அக்ரிமெண்ட்?” என்று ஒரு நெருக்கம். விற்பனையில் எழுதியவருக்குச் சேர வேண்டிய பத்து சதவீத ராயல்டிக்குப் பதில் இருபத்தைந்து பிரதிகளைக் கட்டிக் கையில் கொடுத்து, “நூலக ஆர்டர் வரட்டும், பார்த்துக்கலாம்” என்று வழியனுப்பி வைக்கிற நெருக்கம். இரண்டாம் முறை அச்சடித்துவிட்டு உள்பக்கத்தில் ‘முதல் பதிப்பு’ என்றே விட்டுவைப்பதும் இதில் சேரும்.

ஆண்களுக்கும் இதே கதிதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கணக்குக் கேட்கிற ஆணுக்குக் ‘கறார் பேர்வழி’ என்று பெயர். அதையே கேட்கிற பெண்ணுக்கு வாய் நீளம். முந்நூறு பிரதி அச்சடித்து, விற்ற பணம் கைக்கு வராமல் திண்டாடுகிற சிறு பதிப்பாளரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். கஷ்டத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1803இல் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் தன் நாவல் ஒன்றை லண்டனில் கிராஸ்பி என்ற பதிப்பாளருக்கு விற்றார். விலை 10 பவுண்டு. விளம்பரம் வந்தது, புத்தகம் வரவில்லை. ஆறு வருஷம் பொறுத்துவிட்டு 1809இல் ஒரு புனைபெயரில் கடிதம் எழுதினார்: கையெழுத்துப் பிரதி தொலைந்திருந்தால் வேறொன்று தருகிறேன், பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். பதில் உடனே வந்தது. இந்தத் தேதிக்குள் போடுவோம் என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு யாராவது போட்டால் நடவடிக்கை எடுப்போம், கொடுத்த 10 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று. 1816இல் அவருடைய அண்ணன் போய் அதே 10 பவுண்டைக் கொடுத்து மீட்டுவந்தார். அதற்குள் நான்கு நாவல்கள் வெளிவந்து ஆஸ்டின் பெயர் சொல்லும்படி ஆகியிருந்தார், அட்டையில் பெயரே போடாமல்! மீட்ட நாவல் 1817 டிசம்பரில் வெளிவந்தது. அந்த ஜூலையிலேயே அவர் இறந்துவிட்டார்.

இன்றைக்கு இங்கே கிராஸ்பி அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19ஐப் புரட்டிப் பாருங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, உரிமை எழுதியவருக்கே திரும்பிவிடும். நம்மூர் ஒப்பந்தங்களில் அந்த ‘வேறு மாதிரி’தான் பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

இந்தத் தொல்லையே இல்லாமல் தானே பதிப்பாளர் ஆனவர் வை.மு. கோதைநாயகி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லித்தான் எழுத வைத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். யார் மேசை முன்னாலும் அவர் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. டெல்லியில் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984இல் ‘காளி ஃபார் விமன்’ என்ற பெண்களுக்கான பதிப்பகத்தைத் தொடங்கியதும் இந்த வழியில்தான். எல்லோராலும் இது முடியாது. முதல் வேண்டும், குடோன் வேண்டும், விற்பனையாளரிடம் வசூல் செய்கிற தெம்பு வேண்டும்.

முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். எத்தனை பிரதி, எத்தனை வருஷம், ராயல்டி எந்த மாதம் என்று கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா உரிமைகள் யாருக்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். “நமக்குள்ள எதுக்கும்மா?” என்று அப்போதும் சிரித்தால், டைப் செய்த ஃபைலை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.