கேளுங்க சொல்றேன்: கொல்ல வந்தவரும் அவருடைய ஆத்தாவும்

கேள்வி: ஒரு பெண்ணைக் கொல்ல வந்தவர் அந்தப் பெண்ணிடமே மனதைப் பறிகொடுக்கும் ‘வைல்டு டார்கெட்’ என்ற இங்கிலீஷ் படத்தை மகள் போட்டுக் காட்டினாள். விழுந்து விழுந்து சிரித்தேன். கொலைகாரனைப் பார்த்துச் சிரித்தோமே என்று இப்போது உறுத்துகிறது. சரிங்களா?
– வாசகி, பெருந்துறை

பதில்: உறுத்தல் வேண்டாம் அம்மணி. நீங்கள் சிரித்தது கொலையைப் பார்த்து இல்லை, ஒரு குடும்பத்தைப் பார்த்து. விக்டர் மேனார்டுக்கு 55 வயது ஆகப்போகிறது. கூலிக்கு ஆள் கொல்வது அவருக்குப் பரம்பரைத் தொழில். வீட்டில் சோபாவுக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை. ஓய்வு கிடைத்தால் டேப் போட்டு பிரெஞ்சு படிப்பார். கல்யாணம் இல்லை, வாரிசும் இல்லை. அவருடைய ஆத்தாவுக்கு அதுதான் கவலை. மகன் ஆளைச் சுடுவதில் அந்தம்மாவுக்குத் துளி வருத்தம் கிடையாது. மகனுக்குப் பிறகு சுடுவதற்கு ஒரு பேரன் இல்லையே என்றுதான் வருத்தம்! சென்னிமலையில் பெட்ஷீட் நெய்கிற வீட்டில் ஓர் அம்மா, “என்ற பையனோட இந்தத் தறி நின்னு போயிருமாட்ட இருக்குதே சாமி” என்று புலம்பினால் எப்படி இருக்கும்? அதே குரல். முப்பத்தைந்து தாண்டிய பையனின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தரகர் தரகராக அலைகிற பெற்றோர் நம் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெருந்துறைக்காரர் நீங்கள் சிரிக்காமல் யார் சிரிப்பார்கள்?

விக்டராக வரும் பில் நை, ‘இது காமெடி’ என்று ஓரிடத்தில்கூடக் கண்ணைக் காட்டுவதில்லை. ஆத்தாவாக வரும் ஐலீன் அட்கின்ஸ் அவரையும் மிஞ்சிவிட்டார். என்னைக் கேட்டால் படமே அந்தம்மாதான்.

கேள்வி: பாட்டு இல்லை, பார்வை இல்லை. கொல்ல வந்தவருக்குக் காதல் எப்படி வந்தது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒருத்தரைக் கொல்ல வேண்டுமென்றால் நாள் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, அது போதாதா? ரோஸ் ஒரு திருடி. ரெம்பிராண்ட் ஓவியம் என்று போலியை ஒரு தாதா தலையில் கட்டிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் ஊர் சுற்றுகிறாள். அவளைத் தீர்க்க அந்தத் தாதா கூலி பேசிய ஆள்தான் விக்டர். இவர் குறி வைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வருகிறது. எல்லாவற்றையும் அளந்து வாழ்ந்த மனுசருக்கு, எதையும் அளக்காத ஒருத்தி. அதுவரை நம்பலாம். பின்பாதியில் காதல் கொஞ்சம் ஒட்டவில்லை என்பது என் கட்சி. பில் நை பிறந்தது 1949-ல், ரோஸாக நடித்த எமிலி பிளன்ட் 1983-ல். இதைச் சொன்னால் நம் ஊர் ஹீரோக்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடலாம்.

கேள்வி: சொந்தக் கதையா, சுட்ட கதையா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முறையாக வாங்கிய கதை. 1993-ல் பியேர் சல்வதோரி எடுத்த பிரெஞ்சுப் படத்தின் மறு ஆக்கம் இது. இங்கிலீஷில் 2010-ல் இயக்கியவர் ஜொனாதன் லின். ‘எஸ் மினிஸ்டர்’ என்ற பிரிட்டிஷ் டி.வி. அரசியல் நையாண்டித் தொடரை எழுதிய இருவரில் ஒருவர். ‘ஹாரி பாட்டர்’ படங்களில் ரானாக வந்த பையன்தான் விக்டரிடம் தொழில் பழகும் சிஷ்யன்.

கேள்வி: இதே ருசியில் இன்னொரு பிரிட்டிஷ் படம் சொல்லுங்களேன்.
– வாசகி, கரூர்

பதில்: ‘தி லேடிகில்லர்ஸ்’, 1955. டாம் ஹாங்க்ஸ் நடித்து 2004-ல் மறுபடி எடுத்தார்கள், பழையதையே பாருங்கள். லண்டனில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டில், சங்கீதக் கோஷ்டி என்று சொல்லிக்கொண்டு ஒரு கொள்ளைக் கும்பல் வாடகைக்கு வருகிறது. தலைவர் அலெக் கின்னஸ். குட்டு உடைந்ததும் பாட்டியைத் தீர்த்துவிட முடிவு செய்கிறார்கள். யார் செய்வது என்பதில்தான் தகராறு. அடுத்து நடப்பதைச் சொல்ல மாட்டேன். பாட்டிக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் ஆகாது, பயப்படாமல் பாருங்கள்.

கேள்வி: ‘வைல்டு டார்கெட்’டைத் தமிழில் எடுத்தால்?
– வாசகர், திருப்பூர்

பதில்: விக்டருக்கு ஸ்லோமோஷன் நடையும் ஒரு ஃபிளாஷ்பேக்கும் கொடுத்து, அவர் கொன்றதெல்லாம் கெட்டவர்களைத்தான் என்று ஆக்கிவிடுவார்கள். ஆத்தாவை அழவைத்துவிடுவார்கள். அப்புறம் படத்தில் என்ன மிச்சம்? எடுத்தே தீருவேன் என்றால், அம்மா வேடத்துக்குக் கோவை சரளாவைப் போட்டு, கண்ணீர் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மற்றது தயாரிப்பாளர் பாடு.