ஆட்டோகிராஃப் நோட்டில் உள்ள கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்துகளை வீட்டிலேயே ட்ரேடிங் கார்டுகளாகச் செய்ய முடியுமா?

முடியும். பழைய நோட்டுகளில் இருந்த கையெழுத்துகளையும் தனித்தாள்களில் வாங்கியவற்றையும் பல ஆண்டுகளாக நான் இப்படி ட்ரேடிங் கார்டுகளாக, அதாவது சேகரித்துப் பரிமாறிக்கொள்ளும் சிறு அட்டைகளாக, செய்துவருகிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சேப்பாக்கத்தில் உங்கள் தந்தையார் வாங்கிய கையெழுத்துகள் என்று கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதனால் செய்முறைக்கு முன்பாக, எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பக்கத்தில் ஓர் அணியினர் பலர் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டவே கூடாது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி, ஓட்டங்கள் சமமாகி ‘டை’யில் முடிந்த டெஸ்ட் போட்டியின்போது வாங்கிய பக்கம் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் உள்ள பெயர்கள் ஒரே தாளில் சேர்ந்திருப்பதுதான் அந்தப் பக்கத்தின் மதிப்பு. துண்டுகளாக்கினால் பத்துக் கார்டுகள் கிடைக்கும், அந்த ஐந்து நாட்கள் போய்விடும். வீரர் உங்கள் தந்தையாரின் பெயரை எழுதி வாழ்த்தியிருக்கும் பக்கத்தையும் நான் தொடமாட்டேன். தாளைத் திருப்பிப் பார்க்கவும் மறவாதீர்கள், ஏனெனில் ஆட்டோகிராஃப் நோட்டுகளில் இரு புறமும் கையெழுத்து வாங்குவது வழக்கம். பின்புறம் இன்னொருவர் இருந்தால் கார்டின் பின்பக்கத்திலும் ஒரு சன்னல், அதாவது கையெழுத்து தெரியும் திறப்பு, வெட்ட வேண்டியிருக்கும். தனியாக, நடுவில், சுற்றிலும் போதிய வெற்றிடத்துடன் இருக்கும் கையெழுத்துகளே இந்த வேலைக்கு உரியவை. வெட்டுவதற்கு முன் முழு நோட்டையும் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக் கார்டைச் சேகரிப்பாளர்கள் ‘கட் ஆட்டோ’ என்பார்கள்; ‘ஆட்டோ’ என்பது ஆட்டோகிராஃபின் சுருக்கம். அமெரிக்க பேஸ்பால் கார்டுகளிலிருந்து வந்த வழக்கம் இது. 1990இல் அப்பர் டெக் என்ற கார்டு நிறுவனம், பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு எண்ணிடப்பட்ட 2,500 கார்டுகளைத் தன் பாக்கெட்டுகளில் கலந்து விற்றது. ஆட்டோகிராஃப் கார்டு மோகம் அதன் பிறகே வேகம் பிடித்தது. மறைந்த வீரர்களிடம் புதிதாகக் கையெழுத்து வாங்க முடியாது என்பதால், பழைய கடிதங்களிலும் காசோலைகளிலும் இருந்து கையெழுத்தை வெட்டியெடுத்துக் கார்டுக்குள் பதிக்கும் முறை வந்தது. 2001இல் வெளியான ‘லெஜண்டரி கட்ஸ்’ வரிசை அந்த முறையின் பெயரையே தாங்கியது. ஒரு பெயருக்காக முழுக் கடிதத்தையே சிதைக்கிறார்கள் என்ற வருத்தம் அங்கேயும் சேகரிப்பாளர்களிடம் உண்டு. அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் முதலில் இவ்வளவு சொன்னேன்.

கார்டின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 63.5 x 88.9 மி.மீ. டாப்ஸ் என்ற அமெரிக்கக் கார்டு நிறுவனம் 1957இல் இந்த அளவுக்கு மாறியதிலிருந்து இதுவே பொது அளவாக நிலைத்துவிட்டது. கடையில் கிடைக்கும் உறைகள் பெரும்பாலும் இதற்கே பொருந்தும். கையெழுத்து பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் கார்டைக் கிடைமட்டமாக வடிவமைப்பதே நல்லது. மூன்று அடுக்குகள் தேவை. முன் அடுக்கில் படமும் சன்னலும் இருக்கும்; நடு அடுக்கில் கையெழுத்துத் தாள் உட்காரும் குழி இருக்கும்; பின் அடுக்கில் விவரங்கள் இருக்கும்.

சன்னல், தாள், குழி ஆகியவற்றின் அளவுகளுக்கு இடையே உள்ள உறவைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது. சன்னல் 60 x 20 மி.மீ. என்றால், கையெழுத்துத் தாளை 68 x 28 மி.மீ. அளவில் வெட்ட வேண்டும்; நடு அடுக்கின் குழி 70 x 30 மி.மீ. இருக்க வேண்டும். அப்போது தாளின் நான்கு ஓரங்களும் சன்னல் சட்டத்துக்குப் பின்னால் 4 மி.மீ. மறைந்திருக்கும், குழியில் 1 மி.மீ. தளர்வும் இருக்கும். தாளைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சட்டம்தான், பசை அன்று. கையெழுத்துத் தாளில் பசையோ டேப்போ ஒரு துளிகூடப் படக் கூடாது என்பதை நான் எந்தக் கார்டிலும் விட்டுக்கொடுப்பதில்லை. பசையின் ஈரம் பட்டால் ஊற்றுப் பேனா மை பரவிவிடும். சாதாரண ஒட்டு டேப் சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கும், பிறகு அதை எடுக்க வழியில்லை. லேமினேஷனும் அப்படித்தான்: சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிடும். நாளை உங்கள் பிள்ளைகள் அந்தக் கையெழுத்தை வேறு விதமாக வைக்க விரும்பினால், கார்டைப் பிரித்து, தாளை அப்படியே எடுக்க முடிய வேண்டும்.

அடுக்குகளுக்கு நான் சொல்லும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு என்ற வழவழப்பான அட்டை ஏறத்தாழ 0.3 மி.மீ. தடிமன் உடையது. நோட்டுத் தாள் அதைவிட மெல்லியது என்பதால் குழிக்குள் ஆடும். அதே அளவில் வெட்டிய அமிலமற்ற வெள்ளைத் தாள் ஒன்றிரண்டைப் பின்னால் வைத்தால் அசையாமல் நிற்கும், மலிவான அட்டையின் அமிலம் கையெழுத்துத் தாளுக்கு ஏறுவதையும் பெருமளவு தடுக்கும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் தாள் கடைகளில் எல்லா வகை அட்டைகளையும் கையில் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். அமிலமற்ற தாளை, ஸ்கிராப்புக் பொருள்கள் விற்கும் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வடிவமைப்பைக் கணினியில் 300 டி.பி.ஐ. அளவில் செய்யுங்கள். ஓரங்களில் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டால், நெட்டுவாக்கில் வைத்துப் பார்க்கும்போது 825 x 1125 பிக்சல் வரும். டிஜிட்டல் அச்சகத்தில் 12 x 18 அங்குலத் தாளில் 16 கார்டுகள் அடங்கும் என்பதால், முன்பக்கங்களையும் பின்பக்கங்களையும் சேர்த்து ஒரே தாளில் கொடுப்பது சிக்கனம். மினுமினுப்பான பூச்சைவிட மேட் பூச்சே கையெழுத்துக்கு அருகில் அடக்கமாக இருக்கும். படம் கையெழுத்தை அமுக்கக் கூடாது. சன்னலைச் சுற்றி ஒரே வெளிர் நிறத்தை ஓட விடுங்கள், நோட்டுத் தாள் பழுப்பாக இருந்தால் அந்தப் பழுப்பையே ஸ்கேனிலிருந்து எடுத்துப் பின்னணி நிறமாக்குங்கள்.

பின்பக்கத்தில் என்ன எழுதுவது என்பதற்கு எஸ். வெங்கட்ராகவன் கார்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 1965இல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட், மொத்தம் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள், 1975, 1979 உலகக் கோப்பைகளில் தலைமை, பிற்காலத்தில் 73 டெஸ்டுகளுக்கு நடுவர். இவ்வளவு போதும். இதற்குக் கீழே, இந்த விவரங்களைவிட முக்கியமான ஒரு வரி வர வேண்டும்: அந்தக் கையெழுத்தை யார், எங்கே, எப்போது வாங்கினார் என்பது. தந்தையாரிடம் இப்போதே கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே அச்சிடுங்கள். கையெழுத்தின் உண்மைத்தன்மைக்கு வீட்டில் இருந்து நாம் தரக்கூடிய சான்று அதுதான்.

சன்னல் வெட்டும்போது புதிய பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட் மூன்றும் வேண்டும். ஒரே அழுத்தத்தில் வெட்ட முயலாமல், மூலையில் தொடங்கி நடுப்பகுதி நோக்கி மெல்லிய கீறல்களாகப் பலமுறை ஓட்டுங்கள்; பிறகு எதிர் மூலையிலிருந்தும் அவ்வாறே. இப்படிச் செய்தால் மூலையைத் தாண்டிக் கோடு நீளாது. வெட்டிய விளிம்பில் அட்டையின் வெள்ளை உட்பகுதி தெரியும். அதே நிறக் கலர் பென்சிலால் அதைத் தீட்டினால் வேலை சுத்தமாகிவிடும். ஸ்கெட்ச் பேனாவால் தீட்டினால் மை முன்பக்கத்துக்குக் கசியும். மூன்று அடுக்குகளையும் முன்கூட்டியே சரியான அளவுக்கு வெட்டி ஒட்டினால் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. ஓரங்களைக் கூடுதலாக விட்டு, முன் அடுக்கையும் நடு அடுக்கையும் முதலில் ஒட்டி, காய்ந்த பின் கையெழுத்துத் தாளை வைத்து, பின் அடுக்கை அமிலமற்ற இருபக்க டேப்பால் விளிம்பை ஒட்டி மட்டும் மூடி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்து, அதன் பிறகே நான்கு பக்கங்களையும் சீவுங்கள். சீவும்போது ஸ்கேல் கார்டின் மேல் இருக்கட்டும். கத்தி நழுவினாலும் கழிவுப் பகுதியில்தான் நழுவும்.

முடிந்த கார்டின் தடிமன் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. வரும். உறைக்குள் அடங்கும் கார்டின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கான பாயின்ட் கணக்கில் குறிப்பார்கள்; இந்தக் கார்டு 35 பாயின்ட் ஆகிறது. டாப்லோடர் என்ற, மேற்புறம் திறந்த கெட்டியான பிளாஸ்டிக் உறையில் 35 பாயின்ட் அளவுக்குள் அது இறுக்கமாகப் போகும், ஆகவே 55 பாயின்ட் வாங்குங்கள். உள்ளே போடும் மெல்லிய ஸ்லீவ் பாலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும், பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையைக் கெடுக்கும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், ஏனெனில் பால்பாயின்ட் மையும் மார்க்கர் மையும் புற ஊதாக் கதிரில் வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரப்பதத்துக்கு மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும்.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கு வெட்டும் வேலையே வேண்டாம். கையெழுத்துக்கான வெளிர்நிற இடம் விட்டு மேட் கார்டாக அச்சிட்டு, நேரிலேயே நீட்டுங்கள். மினுமினுப்பான கார்டாக இருந்தால், முன்னதாகச் சிறிது பேபி பவுடரைத் தடவி மென்துணியால் துடைத்துவிட்டால், மார்க்கர் மை திட்டுத்திட்டாகப் பிரியாமல் ஒரே கோடாகப் படியும். நுனி மெல்லிய நீல நிற ஷார்பி மார்க்கர் இதற்குப் பொருத்தம். கையெழுத்து வாங்கியவுடன் ஸ்லீவுக்குள் திணிக்காமல், நன்றாக உலரும் வரை திறந்தே வைத்திருங்கள்.

இந்தக் கார்டுகளில் எந்த நிறுவனத்தின் சின்னத்தையும் கிரிக்கெட் வாரியத்தின் முத்திரையையும் போடாமல், பின்பக்கத்தின் அடியில் ‘வீட்டில் செய்தது, விற்பனைக்கு அன்று’ என்று அச்சிட்டுவிடுங்கள். முன்பக்கப் படத்துக்கு உங்கள் தந்தையார் எடுத்த புகைப்படம் ஏதேனும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஏனெனில் செய்தி நிறுவனப் படங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. மைதானத்தின் தொலைவுக் காட்சியாக அது மங்கலாக இருந்தாலும், அதே கைகள் எடுத்த படமும் அதே கைகள் வாங்கிய கையெழுத்தும் ஒரே கார்டில் சேர்வது வேறெந்த நிறுவனமும் செய்து தர முடியாத ஒன்று.