கிர்ட்டினின் டர்ஹாம் பேராலய ஓவியத்தில் அப்படி என்ன புதுமை?

ஆங்கில நீர்வண்ண ஓவியர் தாமஸ் கிர்ட்டினுக்கு முன்னால் இங்கிலாந்தில் நீர்வண்ண நிலக்காட்சி என்றால் பெரும்பாலும் வண்ணம் பூசிய கோட்டோவியம்தான்: முதலில் கோடு, அப்புறம் சாம்பல் நிறத்தில் நிழல், அதற்கு மேல் மெல்லிசாக நிறம். கட்டடம் சரியாக இருக்கும், ஆனால் காற்றோ வெயிலோ இருக்காது.

1796-இல் இங்கிலாந்தின் வடக்கே பயணம் போய் டர்ஹாம் நகரைப் பார்த்தவர், 1799 வாக்கில் வரைந்த காட்சியைக் கவனியுங்கள். கீழே வியர் (Wear) ஆறு, அதன் மேல் கல்பாலம், செங்குத்தான கரைக்கு மேலே பேராலயக் கோபுரங்கள். ஜன்னல்களை எண்ணி எண்ணி வரையாமல், காவியும் பழுப்புமாக அகலமான பூச்சுகளாலேயே கல்லின் கனத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். சாம்பல் அடித்தளத்தை விட்டுவிட்டு நிறத்தை நேராகவே தாளில் வைத்ததால் நிழலுக்கும் ஒரு நிறம் கிடைக்கிறது. தாளும் பளீர் வெள்ளை இல்லை, நீரை உறிஞ்சும் சொரசொரப்பான மங்கல் தாள். எனக்கு இதுதான் பெரிய திருப்பம்.

அவர் படங்கள் சிலவற்றில் வானம் செம்மை தட்டித் தெரிந்தால், அது அவர் நினைத்த நிறம் இல்லை, அவுரி நீலம் வெளிச்சத்தில் வெளுத்துப்போனதன் விளைவு.

புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் டர்னர் பிறந்த அதே 1775-இல் பிறந்து, இளமையில் அவரோடு சேர்ந்தே படங்களைப் பிரதி எடுத்துப் பழகிய கிர்ட்டின், 1802-இல் 27 வயதிலேயே இறந்துபோனார்.